"பசுமைக் கார்"னு சொல்றாங்களே, அந்தக் கணக்கை எப்படிப் படிக்கிறது? வால்வோவை வச்சு ஒரு விளக்கம்

கார் கம்பெனிக்காரங்க இப்போ எந்த விளம்பரம் போட்டாலும் ஓரத்துல ஒரு பச்சை இலை இருக்கும். "ஜீரோ எமிஷன் வண்டி", "கிளைமேட் நியூட்ரல் பேக்டரி", "நெட் ஜீரோ 2040"ன்னு வரிசையா அடிச்சு விடுவாங்க. படிக்கிறவங்களுக்கு மூணும் ஒண்ணுதான்னு தோணும், ஆனா மூணும் வேற வேற கணக்கு. முதலாவது வண்டியோட சைலன்சரைப் பத்தினது, ரெண்டாவது பேக்டரியோட கரண்டையும் கேஸையும் பத்தினது, மூணாவதுதான் (விடுற கார்பனையும் திரும்ப உறிஞ்சுறதையும் கழிச்சா பூஜ்யம்) சுரங்கத்துல தாது தோண்டுறதுல ஆரம்பிச்சு கடைசில வண்டியைப் பிரிச்சு எடைக்குப் போடுற வரைக்கும் உள்ள முழுக் கணக்கு. இந்த மூணையும் பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சுட்டா எந்தக் கம்பெனி எதைப் பெருசா காட்டுது, எதைப் பேசாம விடுதுன்னு பாதி புரிஞ்சுடும்.

பொதுவா பேசினா மண்டையில ஏறாது, அதனால ஒரே ஒரு கம்பெனியை எடுத்துக்கறேன், ஸ்வீடன்ல இருக்கிற வால்வோ. அதுக்கு நல்லவன் சர்டிபிகேட் குடுக்கறதுக்காக இல்ல. தன்னோட எலக்ட்ரிக் கார் செய்யறதுக்கு பெட்ரோல் காரை விட அதிகமா கார்பன் வெளிய போகுதுன்னு, தனக்கே சங்கடமான நம்பரை அவங்களே ரிப்போர்ட்டா போட்டாங்க. கணக்கு கத்துக்கறதுக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்காது.

நம்ம ஊர்ல வால்வோன்னா பஸ்தான் ஞாபகம் வரும், ஏசி ஆம்னி பஸ் எல்லாத்துக்குமே "வால்வோ பஸ்"னு பேர் வச்சுட்டோம். அந்த பஸ்ஸும் லாரியும் செய்யறது வால்வோ குரூப், கார் செய்யறது வால்வோ கார்ஸ், பேரும் சின்னமும் ஒண்ணு ஆனா கம்பெனி வேற. 1999-ல கார் பிரிவை மட்டும் ஃபோர்டுக்கு வித்துட்டாங்க, ஃபோர்டு 2010-ல அதைச் சீனாவோட ஜீலி கம்பெனிக்கு வித்துடுச்சு. இங்க பேசப்போறது முழுக்க கார் கம்பெனியைப் பத்தி.

சரி, சைலன்சர்ல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா சரித்திரமும் அங்கதான் ஆரம்பிக்குது. 1972-ல ஸ்டாக்ஹோம்ல ஐ.நா.வோட முதல் பெரிய சுற்றுச்சூழல் மாநாடு நடந்துச்சு, இந்திரா காந்தி போய்ப் பேசினாங்களே அதேதான். அந்தச் சமயத்துலதான் வால்வோ தலைமை, கார் ஊரைக் கெடுக்குதுங்கறதை வெளிப்படையா ஒத்துக்கிட்டுது. அன்னைக்கு எந்தக் கார் கம்பெனியும் சாதாரணமா சொல்ற விஷயம் இல்ல இது. அப்புறம் 1976-ல ஒரு உருப்படியான சாமான் வந்துச்சு, மூணு வழி கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அதோட சேர்ந்த லாம்டா சென்சாரும். கலிஃபோர்னியாவுல புகைச் சட்டம் ரொம்ப கறாரா இருந்ததால முதல்ல அங்க விக்கிற 240 மாடல் வண்டிகள்ல இதை மாட்டினாங்க.

பெட்ரோல் இன்ஜின் புகையில விஷம்னு பார்த்தா முக்கியமா மூணு, கார்பன் மோனாக்சைடு, சரியா எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு. முதல் ரெண்டையும் ஒழிக்கணும்னா ஆக்சிஜன் சேர்க்கணும், மூணாவதை ஒழிக்கணும்னா அதுக்குள்ள இருக்கிற ஆக்சிஜனைப் பிடுங்கணும். ஒரே டப்பாவுக்குள்ள ரெண்டு நேரெதிர் வேலையும் நடக்கணும்னா இன்ஜினுக்குள்ள போற காத்தும் பெட்ரோலும் சரியா 14.7-க்கு 1 எடை விகிதத்துல இருக்கணும், கொஞ்சம் அப்படி இப்படி ஆனாலும் ஒரு பக்கம் வேலை கெட்டுடும். லாம்டா சென்சார் என்ன பண்ணுதுன்னா, புகையில மிச்சம் இருக்கிற ஆக்சிஜனை மோந்து பார்த்து, "பெட்ரோல் ஜாஸ்தி, குறை" "கம்மி, கூட்டு"ன்னு விடாம சொல்லிக்கிட்டே இருக்கும். இது ரெண்டும் சேர்ந்தா அந்த மூணு விஷத்துலயும் 90 சதவீதம் வரைக்கும் குறையும். இன்னைக்கு நம்ம ஊர்ல ஓடுற பெட்ரோல் கார் கிட்டத்தட்ட எல்லாத்துலயும் இந்த ஜோடி இருக்கு, பிஎஸ்6 வந்த பிறகு பைக்கிலயும் இருக்கு. கன்வெர்ட்டருக்குள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பாங்க, வேன் சைலன்சரை அறுத்துட்டுப் போயிட்டாங்கன்னு நியூஸ் வருதே, திருடனுக்கு வேண்டியது இந்த உலோகம்தான்.

இப்போ முக்கியமான இடம். இந்தக் கன்வெர்ட்டர் கார்பன் மோனாக்சைடை என்னவா மாத்துது? கார்பன் டை ஆக்சைடாத்தான். அதாவது மூச்சு முட்ட வைக்கிற புகை வேற, பூமியைச் சூடாக்குற வாயு வேற. பியூசி சர்டிபிகேட் எடுக்கப் போறப்ப பார்க்கிறது முதல் வகையை. ரெண்டாவது வகையை எந்த டப்பா மாட்டியும் கார்ல பிடிக்க முடியாது, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வந்தே தீரும். ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதானே இருக்கும், அதுல இருந்து 2.3 கிலோ எப்படின்னு சந்தேகம் வரும், வரணும். பெட்ரோல்ல இருக்கிற ஒவ்வொரு கார்பன் அணுவும் எரியும்போது வெளிக்காத்துல இருந்து ரெண்டு ஆக்சிஜன் அணுவைத் தூக்கிச் சேர்த்துக்குது, எடை அங்கதான் ஏறுது. அதனால இதைக் குறைக்க வழி ரெண்டே ரெண்டு, குறைச்சலா எரிக்கணும், இல்ல எரிக்கவே கூடாது. எரிக்கவே கூடாதுங்கற வழியிலதான் எலக்ட்ரிக் கார் வருது. வால்வோ டீசல் காரையும் நிறுத்திட்டாங்க, கடைசி டீசல் வண்டி 2024 மார்ச்ல லைனை விட்டு இறங்கிச்சு.

அடுத்தது பேக்டரி. வால்வோவோட பெரிய பேக்டரி கோத்தன்பர்க் ஊர்ல டோர்ஸ்லாண்டாங்கற இடத்துல இருக்கு, 1964-ல திறந்தது. எந்தக் கார் பேக்டரியா இருந்தாலும் உள்ள வரிசை ஒண்ணுதான், பிரஸ் ஷாப், பாடி ஷாப், பெயிண்ட் ஷாப், அசெம்பிளி. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட் போறவங்க யாரைக் கேட்டாலும் இதே வரிசையில சொல்வாங்க. வெளிய இருந்து பார்த்தா பெரிய பெரிய பிரஸ் மெஷின் டமார் டமார்னு தகடு அடிக்கிற இடமும், ரோபோ கையில பொறி பறக்க வெல்டிங் நடக்கிற இடமும்தான் கரண்டைக் குடிக்கும்னு தோணும். உண்மையில குடிக்கிறது சத்தமே இல்லாத பெயிண்ட் ஷாப். சில பேக்டரில மொத்த எனர்ஜில பாதிக்கு மேல அங்கயே போயிடும்.

ஏன்னு உள்ள போய்ப் பார்க்கலாம். வெல்டிங் முடிஞ்சு வர்ற பாடியை வரிசையா தொட்டியில முக்கி எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவுவாங்க, அப்புறம் துரு பிடிக்காம இருக்க இ.டி. கோட்னு ஒரு தொட்டி, பாடி முழுசா உள்ள இறங்கும், கரண்ட் குடுத்து பெயிண்ட்டை மூலை முடுக்கெல்லாம் ஒட்ட வைப்பாங்க. அதுக்கப்புறம் அவன் (oven, பெரிய சூட்டு அடுப்பு), அதாவது அந்தப் பாடி முழுசும் 170 டிகிரி பக்கம் வேகணும். வெளிய வந்து ஆறினதும் சீலர், பிரைமர், திரும்ப அவன், அப்புறம் பேஸ் கோட், கிளியர் கோட், மறுபடியும் அவன். ஒவ்வொரு தடவையும் ஒரு முழுக் காரோட இரும்பைச் சூடு பண்ணி, ஆற வச்சு, திரும்பச் சூடு பண்றாங்க.

இதைவிடப் பெரிய செலவு ஒண்ணு இருக்கு, பலருக்குத் தெரியாது: காத்து. பெயிண்ட் அடிக்கிற பூத்துக்குள்ள சூடும் ஈரப்பதமும் ஒரே அளவுல இருக்கணும், இல்லன்னா பெயிண்ட் வழியும், இல்ல ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரன்னு நிக்கும். தூசு படாம இருக்க மேல இருந்து கீழ காத்து விடாம இறங்கிக்கிட்டே இருக்கணும். அவ்வளவு பெரிய ஹால்ல இப்படி ஏசி பண்ணின காத்தை பழைய முறையில ஒரே தடவை உபயோகிச்சுட்டு வெளிய தள்ளிடுவாங்க. ஸ்வீடன் குளிர்ல மைனஸ்ல இருக்கிற காத்தை உள்ள இழுத்து, இருபது டிகிரிக்கு மேல சூடு பண்ணி, உடனே வெளிய விட்டா எவ்வளவு தண்டம்னு யோசிச்சுக்கோங்க. இப்போ புது பெயிண்ட் ஷாப்ல அந்தக் காத்தை வடிகட்டித் திரும்ப உள்ளயே சுத்த விடறாங்க, பெயிண்ட்ல தின்னருக்குப் பதிலா தண்ணி கலந்ததைப் பயன்படுத்தறாங்க, நடுவுல ஒரு அவனையே தூக்கிட்டு ஈரத்து மேல ஈரமா அடுத்த கோட் அடிக்கிறாங்க. இதெல்லாம் விளம்பரத்துல வராது. ஒரு பேக்டரி நிஜமாவே திருந்துதான்னு தெரிஞ்சுக்கணும்னா கூரையில எத்தனை சோலார் பலகை இருக்குன்னு கேக்கறதை விட பெயிண்ட் ஷாப்ல என்ன பண்ணினீங்கன்னு கேக்கறதுதான் சரின்னு நான் நினைக்கிறேன்.

டோர்ஸ்லாண்டா பேக்டரி கரண்ட் 2008-ல இருந்தே புதைபடிவ எரிபொருள் இல்லாதது. சூட்டுக்கு என்ன பண்றாங்கன்னா பாதி பயோகேஸ், மீதிப் பாதி ஊருக்கே பொதுவா பைப் போட்டு சுடுதண்ணி அனுப்புற நெட்வொர்க்ல இருந்து, அதுல பெரும்பகுதி மத்த ஆலைகள்ல வீணாப் போற சூடு. இதுல ஒரு வேடிக்கை, அந்த ஊர்ல இருக்கிற பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலைகளோட வீண் சூடும் அந்த பைப்புக்குள்ளதான் வருது. பெட்ரோல் காய்ச்சின சூட்டுல எலக்ட்ரிக் கார் செய்யறாங்க! தப்புன்னு சொல்லல, ஆகாசத்துக்குப் போற சூட்டை உபயோகிச்சா நல்லதுதான். இந்த ஏற்பாட்டோட 2021-ல "டோர்ஸ்லாண்டா கிளைமேட் நியூட்ரல் ஆயிடுச்சு"ன்னு அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாடியே 2018-ல ஷோவ்டேங்கற ஊர்ல அப்போ அவங்க வச்சிருந்த இன்ஜின் பேக்டரிக்கு இதே பேர் குடுத்தாச்சு.

அந்த அறிவிப்புக்குள்ளயே ஒரு வரி இருந்துச்சு, படிச்சவங்க கம்மி. கிளைமேட் நியூட்ரல்னு அவங்க சொல்றது பேக்டரியோட கரண்ட், சூடு ரெண்டால வர்ற கார்பனுக்கு மட்டும். உள்ள வர்ற இரும்பு, அலுமினியம், பேட்டரி, டயர், சீட்டு எதுவும் அதுல சேராது, வெளிய போய் அந்தக் கார் குடிக்கிற பெட்ரோலும் சேராது. இதைத்தான் ஸ்கோப் 1, 2, 3-ன்னு பிரிப்பாங்க. பேக்டரிக்குள்ள எரிக்கிறது ஸ்கோப் 1, வாங்குற கரண்ட்டும் சூடும் ஸ்கோப் 2, மத்த அத்தனையும் ஸ்கோப் 3. கார் கம்பெனிக்கு ஒண்ணையும் ரெண்டையும் மட்டும் காட்டுறது, கல்யாணம் முடிஞ்சு மண்டப வாடகையை மட்டும் சொல்லிட்டு நகை, புடவை, பந்திச் செலவு எதையும் வாயே திறக்காம இருக்கிற மாதிரி. சொன்னது பொய் இல்ல, ஆனா கல்யாணச் செலவு அது இல்ல.

சரி முழுச் செலவு எவ்வளவு? இங்கதான் வால்வோ 2021-ல போட்ட அந்த ரிப்போர்ட் வருது. ஒரே அளவுள்ள ரெண்டு வண்டியை எடுத்துக்கிட்டாங்க, பெட்ரோல்ல ஓடுற எக்ஸ்சி40, பேட்டரில ஓடுற சி40. ரெண்டும் ஆயுசுக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும்னு வச்சுக்கிட்டு, சுரங்கத்துல இருந்து எடைக்கடை வரைக்கும் கணக்குப் போட்டாங்க. இப்படிப் போடுறதுக்குத்தான் வாழ்க்கைச் சுழற்சிக் கணக்குன்னு பேர்.

பெட்ரோல் வண்டிக்கு மொத்தம் 59 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான அளவு வந்துச்சு. அதுல இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக்னு பொருள்களுக்கு 14 டன், வால்வோ பேக்டரிக்கு 1.7 டன், 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுறதுக்கு (பெட்ரோலை எடுத்துச் சுத்திகரிக்கிறதும் சேர்த்து) 43 டன், கடைசில உடைக்கிறதுக்கு அரை டன் சொச்சம். அந்த 1.7-ஐ இன்னொரு தடவை பாருங்க. "பசுமைப் பேக்டரி"ன்னு இவ்வளவு நேரம் பேசினோமே, அது மொத்தத்துல மூணு சதவீதம்கூட இல்ல! பெயிண்ட் ஷாப்பைப் பூரா கடவுளே வந்து நடத்தினாலும் 59 டன் 57 டன் ஆகும், அவ்வளவுதான்.

எலக்ட்ரிக் வண்டிக்கு பொருள்கள் 18 டன், பேட்டரி தனியா 7 டன், பேக்டரி 1.4 டன், உடைக்கிறதுக்கு அரை டன். ஆக ஒரு கிலோமீட்டர்கூட ஓடாம, ஷோரூம்ல நிக்கும்போதே பெட்ரோல் வண்டியை விட பத்தரை டன்னுக்கு மேல கூடுதல், கிட்டத்தட்ட 70 சதவீதம் ஜாஸ்தி. இந்த 70-ஐ அவங்களே வெளிய சொன்னாங்க. எலக்ட்ரிக் கார் பிடிக்காதவங்க இந்த ஒரு வரியை மட்டும் கத்தரிச்சு வாட்ஸ்அப்ல சுத்த விடுவாங்க, "பாத்தியா, பெட்ரோல் காரே மேல்"னு. மீதிப் பக்கத்தைப் படிக்க மாட்டாங்க.

மீதிப் பக்கத்துல ஓடுற செலவு இருக்கு, அதுக்கு ஒரு நம்பர் இல்ல, மூணு நம்பர். உலக சராசரி கரண்ட்ல சார்ஜ் போட்டா 24 டன், ஐரோப்பா கரண்ட்னா 16 டன், முழுக்க காத்தாலை கரண்ட்னா வெறும் 0.4 டன். அதனால மொத்தமும் மூணு விதமா வருது, 50, 42, 27. ஒரே கார், ஒரே பேக்டரி, எந்த பிளக்ல சொருகுறோம்ங்கறதை வச்சு பாதியா குறையுது. ஆரம்பத்துல கூடுதலா போன பத்தரை டன்னை எத்தனை கிலோமீட்டர்ல ஈடு கட்டும்னா, காத்தாலைக்கு 49,000, ஐரோப்பாவுக்கு 77,000, உலக சராசரிக்கு 1,10,000. அதுக்கு அப்புறம் ஓடுற ஒவ்வொரு கிலோமீட்டரும் லாபம். "எலக்ட்ரிக் நல்லதா கெட்டதா"ன்னு யாராவது கேட்டா, எந்த ஊர் கரண்ட், எவ்வளவு ஓட்டப்போறீங்கன்னு திருப்பிக் கேக்காம பதில் சொல்றவங்களை நம்ப வேண்டாம்.

ஓடுற செலவு குறையக் குறைய இன்னொரு விஷயம் தலைதூக்குது, அந்த 18-ம் 7-ம். காத்தாலை கரண்ட்ல ஓடுற காருக்கு மொத்த 27 டன்ல 25 டன் பொருளும் பேட்டரியும்தான். அதனால கார் கம்பெனியோட உண்மையான வேலை இப்போ பேக்டரி கேட்டுக்கு வெளிய, சப்ளையர் கிட்ட, சுரங்கத்துல, உலையில இருக்கு.

அலுமினியத்தை எடுத்துக்கோங்க. தாதுல இருந்து ஒரு கிலோ அலுமினியம் எடுக்க 14, 15 யூனிட் கரண்ட் வேணும், அதனாலதான் அதை "கெட்டியான கரண்ட்"னு கிண்டலா சொல்வாங்க. நீர்மின்சாரத்துல எடுத்த அலுமினியத்துக்கும் நிலக்கரி கரண்ட்ல எடுத்ததுக்கும் கார்பன்ல நாலு மடங்கு வித்தியாசம் வரும், ஆனா கையில எடுத்துப் பார்த்தா ரெண்டும் ஒரே தகடு. பழைய அலுமினியத்தை உருக்கி எடுத்தா வேண்டிய எனர்ஜி அஞ்சு சதவீதம்தான். வால்வோவோட சின்ன எலக்ட்ரிக் வண்டி இஎக்ஸ்30-ல அலுமினியத்துல கால் பங்கு பழசை உருக்கினது, இரும்புலயும் பிளாஸ்டிக்லயும் சுமார் 17 சதவீதம். கால் பங்குங்கறது பெருசா இல்லயேன்னு தோணலாம். கார் பாடிக்கு எந்தக் கலவை அலுமினியமா இருந்தாலும் சரின்னு போட முடியாது, கழிவுல கலந்து வர்ற இரும்பு, தாமிரம் கொஞ்சம் கூடிட்டாலும் தகடு வெடிச்சுடும், அதனால தரம் பிரிச்ச ஸ்கிராப் கிடைக்கிறதே போட்டியா இருக்கு.

எஃகு இன்னும் கஷ்டம். இரும்புத் தாதுங்கறது துரு மாதிரி, இரும்போட ஆக்சிஜன் ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த ஆக்சிஜனைப் பிரிக்க நிலக்கரியில இருந்து செய்யற கோக்கைப் போட்டு எரிக்கிறாங்க, கார்பன் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கிட்டு கார்பன் டை ஆக்சைடா போயிடும். ஒரு டன் எஃகுக்கு சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு. உலையைக் கரண்ட்ல சூடு பண்ணினாலும் இது தீராது, ஏன்னா கோக் இங்க விறகு மட்டும் இல்ல, வேதியியல் வேலையையே அதுதான் செய்யுது. ஸ்வீடன்ல எஃகு செய்யற எஸ்எஸ்ஏபி, தாது தோண்டுற எல்கேஏபி, கரண்ட் கம்பெனி வாட்டன்ஃபால் மூணும் சேர்ந்து 2016-ல ஹைப்ரிட் (HYBRIT, ஹைப்ரிட் காருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல)ங்கற பேர்ல ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, கோக்குக்குப் பதிலா ஹைட்ரஜன். ஹைட்ரஜன் ஆக்சிஜனைப் பிடுங்கினா வெளிய வர்றது தண்ணி ஆவி, அவ்வளவுதான். வட ஸ்வீடன் லூலியோவுல சோதனை ஆலை வச்சு 2021-ல அப்படி இரும்பு எடுத்தும் காட்டிட்டாங்க, அதே வருஷம் வால்வோ கார்ஸும் எஸ்எஸ்ஏபியோட கை கோத்துது. ஆனா சோதனை ஆலையில வர்றதை வச்சு லட்சக்கணக்குல கார் செய்ய முடியாது, அந்த ஹைட்ரஜனைச் செய்யவும் எக்கச்சக்கமா சுத்தமான கரண்ட் வேணும். எந்தப் பக்கம் போனாலும் கடைசில கரண்ட் கிட்டயே வந்து நிக்குது பாருங்க.

பேட்டரில கார்பன் மட்டும் பிரச்சினை இல்ல. பேட்டரிக்குள்ள போற கோபால்ட்ங்கற உலோகம் பெரும்பாலும் காங்கோவுல இருந்து வருது, அங்க குழந்தைங்களை வச்சுத் தோண்டுறாங்கங்கற புகார் ரொம்ப நாளா இருக்கு. கோபால்ட் எந்தச் சுரங்கத்துல இருந்து கிளம்பி யார் கை மாறி வந்துச்சுன்னு பிளாக்செயின்ல (எழுதினதை லேசுல மாத்த முடியாத டிஜிட்டல் பதிவேடு) பதியறோம்னு வால்வோ 2019-ல அறிவிச்சாங்க. அதோட அடுத்த படி பேட்டரி பாஸ்போர்ட், 2024-ல இஎக்ஸ்90 வண்டியில வந்துச்சு. கதவுப் பக்கம் இருக்கிற ஒரு க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணினா பேட்டரில என்னென்ன இருக்கு, எங்க இருந்து வந்துச்சு, எவ்வளவு கார்பன்னு காட்டும். ஐரோப்பாவுல 2027 பிப்ரவரில இருந்து எல்லா எலக்ட்ரிக் காருக்கும் இது கட்டாயம், இவங்க முந்திக்கிட்டாங்க.

பழைய பார்ட்ஸைப் புதுசாக்கி விக்கிறது மட்டும் வால்வோவுல இந்தப் பேச்செல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு. 1945-ல போர் முடிஞ்சு பொருள் தட்டுப்பாடா இருந்தப்ப கியர்பாக்ஸை ரிப்பேர் பண்ணித் திரும்ப விக்க ஆரம்பிச்சாங்க. சுற்றுச்சூழலுக்காக இல்ல, சாமான் இல்லாததால. புதுப்பேட்டையில நம்மாளுங்க பண்றதும் இதே வேலைதான், அதுக்கு யாரும் ரிப்போர்ட் போடல, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாராட்டினது போதும், சறுக்கினதையும் சொல்லணும். 2021 மார்ச்ல "2030-க்குள்ள முழுக்க எலக்ட்ரிக் கார் மட்டும்தான் விப்போம்"னு வால்வோ சொன்னாங்க. 2024 செப்டம்பர்ல அதை வாபஸ் வாங்கிட்டாங்க, இப்போ 90-ல இருந்து 100 சதவீதம் வரைக்கும் எலக்ட்ரிக்கும் பிளக்-இன் ஹைப்ரிடும் சேர்த்துன்னு மாத்திட்டாங்க. சார்ஜிங் ஸ்டேஷன் எதிர்பார்த்த வேகத்துல வரல, சில நாட்டு அரசாங்கம் மானியத்தை நிறுத்திட்டாங்க, வரி கூடுதுன்னு காரணம் சொன்னாங்க. காரணம் எல்லாம் உண்மைதான், ஆனா அந்த "பிளக்-இன் ஹைப்ரிட்"ங்கற வார்த்தைக்குப் பின்னாடி ஒரு ஓட்டை இருக்கு. பேட்டரியும் இருக்கும், பெட்ரோல் டேங்க்கும் இருக்கும், லேப் டெஸ்ட்ல ஒழுங்கா சார்ஜ் போட்டு ஓட்டினதா வச்சு எமிஷன் ரொம்ப கம்மியா வரும். நிஜத்துல நிறைய பேர் ஒழுங்கா சார்ஜ் போடறது இல்ல, பெரும்பாலும் பெட்ரோல்லயே ஓட்டறாங்க. ஐரோப்பிய ஆணையம் 2024-ல ரோட்டுல ஓடுற வண்டிகளோட டேட்டாவை எடுத்துப் பார்த்தப்ப, லேப்ல சொன்னதை விட சராசரியா மூணரை மடங்கு கார்பன் வந்துச்சு. கம்பெனி கணக்குல அது பாதி எலக்ட்ரிக், ரோட்டுல அது கனமான பெட்ரோல் வண்டி. பேட்டரி பக்கமும் அடி, வால்வோ கூட்டு சேர்ந்த நார்த்வோல்ட் 2025 மார்ச்ல ஸ்வீடன்ல திவால் ஆயிடுச்சு. 2040-ல நெட் ஜீரோங்கற இலக்கை மட்டும் இன்னும் விடல.

இனி நம்ம ஊருக்கு வருவோம். வால்வோ கார் பெங்களூரு பக்கத்துல ஓசகோட்டேல 2017-ல இருந்து அசெம்பிள் ஆகுது, எலக்ட்ரிக் வண்டியும் அங்க பூட்டறாங்க. அந்த ரிப்போர்ட்ல இந்தியா கரண்ட்டுக்குத் தனி நம்பர் இல்ல, ஆனா நாமளே தோராயமா போட்டுப் பார்க்கலாம். நம்ம கரண்ட்ல முக்கால் பங்கு பக்கம் நிலக்கரி, ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆடி மாசம் முப்பந்தல்ல காத்தாலை பிச்சுக்கிட்டு சுத்தினாலும் வருஷ சராசரின்னு பார்த்தா நாடு முழுக்க நிலக்கரி ராஜ்ஜியம்தான். அவ்வளவு பெரிய வண்டி ஒரு கிலோமீட்டருக்கு 0.22 யூனிட் இழுக்கும்னு வச்சுக்கிட்டா 2 லட்சம் கிலோமீட்டருக்கு 44,000 யூனிட், சுமார் 31 டன். இதோட பொருள் 18, பேட்டரி 7, பேக்டரி 1.4, உடைக்கிறது அரை டன் சேர்த்தா 58 டன். பெட்ரோல் வண்டி 59.

ஆமா, வித்தியாசம் ஒரே ஒரு டன். ஈடு கட்டுறதுக்கே 1,80,000 கிலோமீட்டர் பக்கம் ஆயிடும், வண்டி ஆயுசே முடிஞ்சுடும். இதுல ரெண்டு விஷயம் சேர்க்கணும். ஒண்ணு, இன்னைக்கு வாங்குற வண்டி பத்துப் பதினஞ்சு வருஷம் ஓடும், அதுக்குள்ள சோலாரும் காத்தாலையும் ஏற ஏற அதே வண்டி வருஷத்துக்கு வருஷம் சுத்தமாகும், பெட்ரோல் வண்டிக்கு அந்த யோகம் கிடையாது. ரெண்டு, வீட்டு மாடில சோலார் போட்டு பகல்ல அதுலயே சார்ஜ் பண்றவங்களுக்கு மொத்தமே 30 டன்னுக்குப் பக்கத்துல வந்துடும். பகல்ல சோலாரை ஈபிக்குக் குடுத்துட்டு ராத்திரி ஈபில இருந்து வாங்கி சார்ஜ் போட்டா அதை எப்படி எழுதறதுன்னு நிபுணர்களுக்குள்ளயே சண்டை இருக்கு, அதுக்குள்ள நாம போக வேணாம்.

ஆனா நம்மள்ல எத்தனை பேர் அவ்வளவு பெரிய வண்டி வாங்கப்போறோம். சின்ன ஹேட்ச்பேக்குக்குப் போட்டா கதை மாறுது. பேட்டரி மூணுல ஒரு பங்குதான் இருக்கும், அதனால கூடுதல் கார்பன் ரெண்டு ரெண்டரை டன்னோட நிக்கும். ஒரு கிலோமீட்டருக்கு 0.13 யூனிட் இழுத்தா நம்ம நிலக்கரி கரண்ட்லயே 91 கிராம். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் குடுக்கிற பெட்ரோல் வண்டி 128 கிராம், பெட்ரோலைத் தோண்டிச் சுத்திகரிச்சுக் கொண்டு வர்றதையும் சேர்த்தா 150 பக்கம். அப்போ 40,000 கிலோமீட்டர் சொச்சத்துல ஈடு கட்டிடும். தினம் 200 கிலோமீட்டர் ஓடுற டாக்ஸிக்கு அது ஏழு மாசம், ஆபீசுக்குப் போக வர தினம் மொத்தம் 25 கிலோமீட்டர் ஓடுற வண்டிக்கு நாலரை வருஷம், ஞாயித்துக்கிழமை மட்டும் கோயிலுக்கு எடுக்கிற வண்டிக்கு பேட்டரி வாரண்டி முடிஞ்சாலும் ஈடு கட்டாது.